ரயில் போனதும் திறக்கிறேன்

மாதிரி ரயில்பாதை செய்வதில் எஞ்சின்தான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எஞ்சின் கடையில் கிடைக்கிறது. மலைகூடப் பெரிய விஷயமில்லை; தெர்மாகோலை வெட்டி அடுக்கி மேலே பிளாஸ்டர் பூசினால் மலை. உண்மையான கஷ்டம் ஜல்லி போடுவதில் இருக்கிறது. சலித்த கல்தூளைத் தேக்கரண்டியால் தண்டவாளத்துக்கு நடுவே தூவி, பிரஷ்ஷால் ஒதுக்கி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, அந்த ஈரம் காய்வதற்குள் பசையைக் கரைத்து டிராப்பரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாதியில் எழுந்து போனால் திட்டுத் திட்டாக நிற்கும். தும்மினால் போச்சு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் பொறுமை கெட்டவன் என்று என் அக்காவின் மகள் உங்களிடம் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பொறுமை கெட்டவன் ஜல்லி போட முடியாது.

எனக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் அதைப் பார்த்துப் பல்வரிசை செய்து அனுப்புவேன். இந்த ஊர்க் கிழவர்களில் பாதிப் பேர் என் பல்லால்தான் சிரிக்கிறார்கள். உங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் மேஜையைத் தட்டித் தட்டி என்னை விசாரித்தாரே, அவருடைய மேல்வரிசை வேறு யாரோ செய்தது. கத்தும்போது இறங்குகிறது. நான் செய்திருந்தால் இறங்காது. நீங்கள் கத்துவதில்லை. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் பிளாஸ்டர், மெழுகு, அக்ரிலிக் தூள், கம்பி, சின்னக் கத்திகள் எல்லாம் என்னிடம் இருந்தன. கை சும்மா இருக்க மறுத்தது. "உனக்குக் கை சும்மா இருந்தாலும் இருக்கும். மனசு எப்பவும் யாரையாவது கடிச்சுக்கிட்டேதான் இருக்கும்" என்பாள் அக்கா. நரம்பில்லாத நாக்கு அவளுக்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கியே சம்பளம் வாங்கினாள். வாங்கியதில் ஒன்றையும் மறக்கவில்லை.

வீடு அவளுடையது. அவள் கணவர் போன பிறகு, "நீயும் ஒத்தை, நானும் ஒத்தை, ரெண்டு அடுப்பு எதுக்கு? வந்துடு" என்று கூப்பிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போனேன். மாடி அறையையும் அதை ஒட்டிய சின்னச் சாமான் அறையையும் எனக்குக் கொடுத்தாள். சாமான் அறைக்கு ஜன்னல் கிடையாது. உங்கள் ஆள் அதை அளந்து எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். பிளாஸ்டர் மூட்டைகளை அங்கேதான் வைத்திருந்தேன். அறுப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எல்லாம் அங்கேதான். அந்தத் தூசி அக்காவுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. அவள் உடம்பை மனதில் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா ரயில்வே கேட் கீப்பர். அவர் வேலை பார்த்த கிளைப் பாதையை எப்போதோ பிடுங்கி எடுத்துவிட்டார்கள். இப்போது போனால் முள்செடிதான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவே ஒற்றைப் பாதை, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு மண் ரோடு. ரோட்டில் இரண்டு பக்கமும் கேட். பக்கத்திலேயே கேட் அறை, அதற்குள் போன். பின்னால் எங்கள் குவார்ட்டர்ஸ். ரயில் கிளம்பியதும் ஸ்டேஷனிலிருந்து போன் அடிப்பார்கள். அப்பா போய் கேட்டை மூடுவார். கடைசியில் கால் விரலால் ஒரு சின்ன உதை; கொண்டி விழும். அதற்குப் பிறகு யார் வந்து ஹாரன் அடித்தாலும், கெஞ்சினாலும், அம்மா அப்பாவைச் சேர்த்துத் திட்டினாலும் ஒரே பதில்தான். "ரயில் போனதும் திறக்கிறேன்." குரலை உயர்த்தமாட்டார். ஆம்பளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. நாள் இன்னும் இருந்தது, முன்னாலேயே எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு அந்தப் பக்கம், ஊருக்குள். அந்த வழியாகப் போன மாட்டு வண்டிக்காரர் ஒருவர் அவளை ஏற்றிக்கொண்டார். வண்டி கேட்டருகே வந்தபோது கேட் மூடியிருந்தது. அக்கா கேட் அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். நான் அப்பாவோடு தண்டவாளத்துப் பக்கம் நின்றேன். அன்றைக்குப் பச்சைக் கொடியை என் கையில் கொடுத்திருந்தார்.

அம்மா வண்டியிலிருந்து தலையை நீட்டி, "கண்ணு, அப்பாகிட்ட சொல்லுடா, திறக்கச் சொல்லுடா" என்றாள்.

"ரயில் வருதும்மா. போனதும் திறந்துடுவோம்" என்றேன்.

திறந்துடுவோம். நானும் அப்பாவும். அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்குத் தெரியாது.

ரயில் தாமதமாக வந்தது. அது வந்து போவதற்குள் அம்மா போய்விட்டாள், வயிற்றிலிருந்ததோடு. துக்கமான விஷயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்பா கடமை தவறவில்லை. மேலதிகாரி நேரில் வந்து அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தப் பாதையில் வேலை பார்த்தவர்கள் இன்றும் அப்பாவைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கட்டின பெண்டாட்டிக்கே கேட்டைத் திறக்காத மனிதர். இப்படி ஒரு தகப்பன் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நான் செய்தது அந்த மதியத்தைத்தான். முழுப் பாதையை அல்ல. ஒரு கட்டில் அளவுக்குப் பிளைவுட், அதன்மேல் அந்த ஒரு கேட். ஈறு செய்கிற இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் கொஞ்சம் பழுப்புச் சாயம் கலந்தால் அசல் ஓட்டுக்கூரை. பல்லைப் பிடித்து நிறுத்தும் கம்பியை வளைத்தால் கேட்டின் சட்டங்கள். ஆட்களை மெழுகில் செய்தேன், கட்டைவிரல் உயரம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக முதலில் செய்த அப்பா கூன் விழுந்து நின்றார். உருக்கிவிட்டு மறுபடி செய்தேன். இரண்டாவது அப்பா நிமிர்ந்து நின்றார். கொடியோடு என்னைச் செய்தேன். வண்டிக்காரர், மாடுகள், கூண்டு வண்டி. அம்மாவைச் செய்யவில்லை. கூண்டுக்குள் இருட்டு, உள்ளே யார் இருந்தாலும் தெரியாது. வேலை மிச்சம்.

ஆரம்பத்தில் அக்காவுக்கு இதில் என்னைவிட ஆசை. டீயை எடுத்துக்கொண்டு மாடிக்கு வருவாள். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பாள். "போன் ஜன்னல் பக்கம் இல்ல, கதவுப் பக்கம்." "தண்ணிப் பானை எங்கடா?" "ஒரு நொண்டி ஆடு இருக்குமே, அதைச் செய்யலையா?" அவள் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆட்டைச் செய்தேன். மூன்று காலில் அது நிற்க மறுத்துச் சாய்ந்தபோது இருவரும் சிரித்தோம். அந்த நாட்களை யோசிக்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அவள் அதோடு நின்றிருக்கலாம்.

பழைய சாமான் கடையில் ஓர் எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் கிடைத்தன. கருப்புச் சாயம் அடித்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, பாதையில் ஏற்றினேன். பட்டனை அழுத்தினால் மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, கேட்டைத் தாண்டி, மறுபக்கம் போய் மறையும். அக்காவைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் எஞ்சினைத் தூக்கினாள். அப்புறம் பெட்டிகளை. தட்டில் விழுந்த முடியை எடுப்பது போல எடுத்து ஜன்னல் மேல் வைத்தாள்.

"இது அன்னிக்கு இல்ல" என்றாள்.

"எது இல்ல?"

"ரயில். அன்னிக்கு ரயிலே வரல."

"நான் பார்த்தேன்க்கா. பக்கத்துல நின்னேன்."

"நீ பார்த்தது மறுநாள் வந்த ரயில். எல்லாம் முடிஞ்சு, வாசல்ல உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தே. நான்தான் உன் மூக்கைத் துடைச்சு விட்டேன்."

அவள் நிறுத்தவில்லை.

"போன் அடிக்கவே இல்லடா. போனுக்குப் பக்கத்துலதான நான் உக்காந்திருந்தேன். அவர் மாட்டு வண்டி வர்றதப் பார்த்தார், போய் கேட்டை மூடினார். காலையில சண்டை. குழந்தை பொறந்ததும் மாமா வீட்டுக்குப் போயிடுவேன், திரும்ப மாட்டேன்னு அம்மா சொல்லிட்டா. 'போறியா? போ பாக்கலாம்'னு சொல்லிட்டு வெளிய போனார். அந்த வண்டி எங்க போகுது, எதுக்குப் போகுதுன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னார்."

நான் ரயிலை எடுத்து மறுபடி பாதையில் வைத்தேன். அதுதான் என் பதில்.

மறுநாள் காலை ரயிலைக் காணவில்லை. ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டில் எஞ்சின் நின்றுகொண்டிருந்தது, இரண்டு முட்டைகளுக்கு நடுவே. "ரொம்பப் புகை விடுதேன்னு குளிர வச்சேன்" என்றாள். எடுத்து வைத்தேன். அடுத்த முறை துணி சோப்பு டப்பாவில். இன்னொரு முறை அவள் தலையணை உறைக்குள். நான் கடைக்குப் போனால் போதும், படியேறி வந்து எடுத்துவிடுவாள். முழங்கால் வலி என்று போகிற இடமெல்லாம் புலம்புகிறவளுக்கு இதற்கு மட்டும் வலிக்காது. நான் தேடுவேன், கண்டுபிடிப்பேன், வைப்பேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கிழட்டுப் பிள்ளைகள் விளையாடுவது போலத்தான் இருந்திருக்கும். நாங்கள் சாப்பிடும்போது பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தோம்.

ஒருமுறை கேட்டேன். "இத்தனை வருஷமா வாயைத் திறக்காதவ, இப்ப என்ன?"

"அப்பா உசுரோட இருந்த வரைக்கும் பயம். அப்புறம் நீ கேக்கல, நான் சொல்லல. இப்ப நீ அதைப் பொம்மையா செஞ்சு ஊருக்குக் காட்டப் போற. பொம்மையிலகூடவா பொய் சொல்லணும்?"

ஊருக்குக் காட்டுவது உண்மைதான். அந்தப் பழைய பாதையில் வேலை செய்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக் கூட்டத்தில், மண்டபத்து நடுவில் என் மேஜையை வைப்பதாக முடிவாகியிருந்தது. அதைப் பார்க்கச் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு நான் விடியற்காலையிலிருந்து மாடியை விட்டு இறங்கவில்லை. ரயில் பாதையில் இருந்தது. பட்டனை அழுத்திக் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பா கதை கதையா சொல்வார், உங்க அப்பாவைப் பத்தி" என்றார். "கட்டின பொண்டாட்டிக்கே கேட்டைத் திறக்காத மனுஷன். இப்ப அந்த மாதிரி ஆள் யார் இருக்கா?" அக்கா டீ கொண்டு வந்து வைத்தாள். அவளைப் பார்த்து, "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க, பாருங்க எப்படிச் செஞ்சிருக்கார்" என்றார்.

"படைக்கு அஞ்சல சார். பொய்க்குத்தான் அஞ்சுறேன்" என்றாள் அக்கா. "அன்னிக்கு ரயில் வரல. சும்மாதான் மூடி வச்சிருந்தார்."

அவர் டீயை வாயருகே வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாகக் கேட்டார், "அக்காவுக்கு ஞாபகமெல்லாம் சரியா இருக்கா?" வயதாகிவிட்டது என்றேன். பாம்புச் செவி அவளுக்கு, அடுப்படியிலிருந்தே கேட்டுவிட்டாள்.

"கூட்டத்துக்கு நானும் வர்றேன்" என்றாள் நான் உள்ளே வந்ததும். "மைக் குடுத்தா பேசுறேன். குடுக்கலன்னா கத்துறேன்."

இதற்காக நான் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வயதான பெண் மைக்கில் கத்தினால் யாராவது கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது வேறு.

இரண்டு நாள் கழித்து மாடிக்கு வந்தாள். ரயிலைத் தொடவில்லை. என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது, இன்ஹேலரை எடுத்து இரண்டு தரம் இழுத்துக்கொண்டாள். பிறகு கொடி பிடித்த பையனை, அதாவது என்னை, விரலால் தொட்டாள்.

"உன்மேல தப்பில்லடா" என்றாள்.

"எதுல?"

"அம்மா உன்னைத்தான் கூப்பிட்டா. நீ அவர் சொல்லிக் குடுத்ததைச் சொன்னே. ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ரயில் வருதுன்னு நம்பித்தானே சொன்னே. அதை இத்தனை வருஷம் சுமந்துக்கிட்டு, இப்ப ரயிலையே செஞ்சு ஓட்டிக்கிட்டு இருக்கே. விட்டுடுடா கண்ணு. ரயில் வரலன்னா அது அவர் தப்பு. உன் தப்பில்ல."

சொல்லிவிட்டு என் தலையைத் தடவினாள். எனக்குத் தலையில் முடி கிடையாது. அந்தக் கையின் சூடு அன்று முழுவதும் மண்டையில் இருந்தது. நீங்கள் யாரையாவது வெறுத்திருக்கிறீர்களா? உங்களிடம் சண்டை போடுகிறவர்களை வெறுப்பது எளிது, அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்காத மன்னிப்பைக் கொண்டு வந்து மடியில் போடுகிறவர்களை வெறுத்துப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு கீழே போனாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக.

சாமான் அறைத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றியது அதற்கப்புறம்தான். காற்றில் கதவு திறந்துகொண்டு மாடியெல்லாம் தூசி பரவுகிறது என்று தச்சரிடம் சொன்னேன். உங்களிடமும் அவர் அதையே சொல்லியிருப்பார். ஜன்னல் இல்லாத அறைக்குள் காற்று எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கக்கூடும். தச்சர் கேட்கவில்லை.

அன்றைக்குக் காலையில் அந்த அறையில் உட்கார்ந்து மண்மேட்டைத் தேய்த்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை முழுக்க வெள்ளையாக நின்றது. துடைக்கவில்லை. பசை தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். வெகு நாளைக்குப் பிறகு நானாகப் பேசியதால் அவளுக்குச் சந்தோஷம். "வரும்போது எனக்கு ரெண்டு ரொட்டி வாங்கிட்டு வா" என்றாள். வாங்கினேன். பொட்டலம் இன்னும் சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கும்.

திரும்பி வந்தபோது கீழே அவளைக் காணோம். மேஜை மேல் அவளுடைய கண்ணாடிக் கூடு, பக்கத்தில் இன்ஹேலர். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேலே அவளுக்குத் தேவைப்படும் என்றுதான்.

மாடியில் சாமான் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே, மூட்டைகளுக்குப் பின்னால், குதிகாலை உயர்த்தி மேல் தட்டைத் துழாவிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகு காட்டி நின்றாள். ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் புதிது, கடைசியில் கொஞ்சம் இறுகும். கால் விரலால் ஒரு சின்ன உதை விட்டேன். விழுந்தது.

முதலில் அவள் கோபப்பட்டாள். "டேய், என்ன விளையாட்டு இது?" அப்புறம், "தூசிடா, மூச்சு முட்டுது. கதவைத் திற."

"ரயில் வருதுக்கா" என்றேன். "போனதும் திறக்கிறேன்."

குரலை உயர்த்தவில்லை. என் டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பாவின் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டேன். சாயம் போய்விட்டது, ஆனால் துணி கெட்டி. மேஜைக்கு முன்னால், அப்பா நிற்கும் பக்கமாக நின்றேன். கேட்டருகே கொஞ்சம் இடத்துக்கு இன்னும் ஜல்லி ஒட்டாமல் இருந்தது. கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் தெளித்து, புதுப் பசையைக் கரைத்து விட ஆரம்பித்தேன். முன்பே சொன்னேன், அந்த வேலையை ஆரம்பித்தால் நடுவில் எழுந்திருக்க முடியாது.

அவள் உள்ளங்கையால் தட்டினாள். பிறகு தட்டல் கீழே இறங்கியது. உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. இன்ஹேலர் எங்கே என்று கேட்டாள். என்னிடம் இருக்கிறது, பயப்படாதே என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஒருமுறை "கண்ணு" என்றாள். எங்கள் குடும்பத்தில் பெண்களுக்கு மூச்சு முட்டும்போதுதான் அந்த வார்த்தை வருகிறது. ஒரு சொட்டு தண்டவாளத்தின் மேல் விழவில்லை. அந்த மேஜையிலேயே நன்றாக அமைந்த இடம் அதுதான், போய்ப் பாருங்கள்.

அக்காவின் மகள் வெளியூரிலிருந்து வந்தாள். நீங்கள்தான் அவளை இந்த அறைக்குள் விட்டீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்ட பெண். அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றுதான் கேட்டாள்.

"மாமா, அம்மா கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவள் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் ஆட்கள் சோதனை போட்டும் விட்டுவிட்டார்கள். இன்ஹேலர் இன்னும் அதிலேயே இருந்தது. எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

நீங்கள் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். எப்போது கதவைத் திறந்தீர்கள்? நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். ரயில் போனதும் திறந்தேன். கேட் விஷயத்தில் அதுதான் விதி. அப்பா சும்மா மூடி வைக்கவில்லை, நானும் சும்மா மூடி வைக்கவில்லை. ரயில் வருகிறது என்றால் வருகிறது. தாமதமானால் அது ரயிலின் தப்பு. கேட்டருகே நிற்கிறவன் அதற்கு என்ன செய்வான்?

மேஜையில் பட்டன் இருக்கிறது, பாதை இருக்கிறது, ரயில் எங்கே என்று கேட்டீர்கள். அதற்கு மட்டும் இதுவரை நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாததா? அவளைத் தூக்கும்போது பார்த்திருப்பீர்கள். எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் அவள் மடியில் இருந்தன. நான் கடைக்குப் போனதும் வழக்கம்போல எடுத்திருக்கிறாள்; அந்த அறைக்குள் போனதே அவற்றை ஒளித்து வைக்கத்தான். போவாள் என்று எனக்குத் தெரியும். வேறு எல்லா இடத்தையும் நான் கண்டுபிடித்தாகிவிட்டதே.

அவளே அதைச் சொன்னாள். கடைசியாக, குரல் போவதற்குக் கொஞ்சம் முன்னால். கதவடியில் வாயை வைத்துச் சொன்னாள். சண்டைக்காரக் குரல் இல்லை. சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது போல, நிறுத்தி நிறுத்தி, "ரயில் எங்கிட்ட இருக்குடா" என்றாள்.

நன்றாகக் கேட்டது. பாதையைத் திரும்பிப் பார்த்தேன். மண்மேட்டிலிருந்து அந்தப் பக்கம் வரை ஒன்றுமில்லை. ஜல்லி ஒரே சீராகக் காய்ந்துகொண்டிருந்தது. கொடியைக் கக்கத்திலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"வந்துக்கிட்டே இருக்குக்கா" என்றேன்.